ஜினகுமார் அண்ணனின் இரண்டு சிப்

இரவு பதினொன்று நாற்பது. காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேட்டுக்குப் போகிற சாலை. கடைசி டவுன் பஸ் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர். அதில் வசீம்.

ஜன்னலை மூடு கீர்த்தி, காற்று அடிக்கிறது. டிரைவர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கம்பெனி பஸ் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நகராது. எல்லோரும் கிட்டே வாருங்கள். போனை எல்லாம் அணைத்துவிடுங்கள். இது என் சிநேகிதன் ஷரீஃபின் தம்பி வசீமுக்கு நடந்தது. எங்கோ கேட்ட கதை இல்லை. போன வருஷம் ரம்ஜான் மாதம். ஷரீஃப் தன் வாயாலேயே என்னிடம் சொன்னான்.

வசீமின் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்கு நடுவே இரண்டு சிப். கறுப்பு நிறம், கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகக் கால்கள். பழைய கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டில் உட்கார்ந்திருக்கும் மெமரி சிப்.

தெருவிளக்கு முடிகிற இடம் வந்தது. நெஞ்சில் ஏதோ சுட்டது... வசீம் வண்டியை ஓரம் கட்டினான். தீப்பெட்டிக்குள் குச்சி ஏதாவது கிடந்து உரசிக்கொண்டதோ என்று திறந்து பார்த்தான். குச்சி இல்லை. பஞ்சு கருகவும் இல்லை. சிப்பைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அப்போதுதான் பிடுங்கி எடுத்தால் எப்படி இருக்கும், அந்தச் சூடு.

கரண்ட் ஏறாத சிப் சுடாது. வசீமுக்கு இது தெரியாதா என்ன? பதினைந்து வருஷமாக அதே தொழில்.

அவனுக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர். யார் இந்தக் காலத்தில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் ஊரில் வைத்திருக்கிறார்கள். பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தியும் போட அட்டை அடிப்பார்கள் அல்லவா? டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்து ஒரு மெஷின் அட்டையில் ஓட்டை போடும். அந்த அட்டை தறிக்கு மேலே சுற்றும்போது கீழே மயிலும் அன்னமும் இறங்கும். அந்த ஓட்டை போடும் மெஷினைப் புதுக் கம்ப்யூட்டரோடு இணைக்க முடியாது. வாயில்லை, மாட்டுவதற்கு இடமில்லை. அதனால் இருபத்தைந்து வருஷப் பொட்டியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஜினகுமார்.

ஜினகுமாருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் மாகறல். சமணக் குடும்பம். செவிலிமேட்டில் மாடியில் ஒரு அறை எடுத்து டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன், குரலை உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. தண்ணீர்கூடக் கிடையாது. சாயங்காலம் ஐந்தே கால் ஆனால் மாகறலில் வீட்டு வாசலில் அவர் பைக் நிற்கும். ஐந்தே முக்காலுக்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். அந்தப் பைக்குக்குச் செயின் கவர் லூஸ். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'கிளக்'. கிளக்... கிளக்... கிளக்... அவர் வருகிறார் என்று தெரு முனையிலேயே தெரிந்துவிடும்.

வசீமிடம் ரம்ஜான் மாதத்தில் கேலி பேசுவார். "நான் தட்டக் கழுவி வைக்கிற நேரத்துல நீ தட்டத் தேடிக்கினு வர. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு போதும்பா!" என்று சிரிப்பார். வசீமும் சிரிப்பான். அவ்வளவு பிரியம் அவர்களுக்குள்.

அந்த மனுஷனிடம்தான் வசீம் கை வைத்தான்.

அதை எப்படிச் சொல்வது... தை மாதம். ஜினகுமார் தன் பொட்டியைத் தூசி தட்டக் கொடுத்திருந்தார். எலி புகுந்திருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். வசீம் திறந்தான். உள்ளே இருந்த கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்ததும் அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதே மாடல் கார்டு ஒன்று அவன் வீட்டிலும் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து, ஓடவைத்து, வீடியோ போடுகிற பைத்தியம் அவனுக்கு. அவன் கார்டில் சிப் உட்காரும் நாலு சாக்கெட்டில் இரண்டு காலி. இவர் கார்டில் நாலும் நிறைந்திருந்தது. அதே கம்பெனி சிப், அதே வேகம். அந்தச் சிப் எல்லாம் இப்போது வலைவீசித் தேடினாலும் கிடைக்காது.

ஒரே ஒரு வாரம். எடுத்து, மாட்டி, ஓட்டிப் பார்த்து, வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம். அண்ணனுக்குத் தெரியவா போகிறது? அவர் வரைவதற்கு ஒரு எம்.பி. மெமரியே தாராளம். நிறம் ஒன்றும் குறையாது, படமும் குறையாது... இப்படித்தான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு சிப்பையும் கழற்றினான். பொட்டியை மூடினான். துடைத்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தான்.

ஆனால் ஒரு விஷயம் அவனுக்கு நன்றாகத் தெரியும். நிறம் குறையாது; வேகம் குறையும். அந்த மாதிரிக் கார்டில் நாலு சிப்பும் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் படம் வரும். இரண்டை எடுத்துவிட்டால் ஒரு பக்கம்தான். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைத் தறியில் அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள ஒரு கூட்டாள் உட்கார்ந்திருப்பார் அல்லவா? அவரை எழுப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? நெசவாளியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டி நெய்ய வேண்டும். புடவை அதே புடவைதான். பொழுது மட்டும் போய்விடும்.

வசீம் இதை அளந்தே பார்த்திருந்தான். வீடியோவே அதைப் பற்றித்தான். பழைய கார்டில் ஒரு எம்.பி. இருந்தால் எப்படி, இரண்டு எம்.பி. ஆக்கினால் எப்படி. ஒரு பெரிய படத்தை மேலிருந்து கீழே நகர்த்த இரண்டு எம்.பி.யில் பதினோரு நொடி, ஒரு எம்.பி.யில் பத்தொன்பது. கேமராவைப் பார்த்து, "பாருங்க, எட்டு செகண்ட் மிச்சம்!" என்று கையை விரித்துச் சிரித்தான். ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். எங்கெங்கோ இருந்து பாராட்டு. பழைய கேம் ஏதாவது ஓட்டிக் காட்டு என்று கேட்டார்கள். அவனும் காட்டினான். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. மாசி வந்தது.

அந்த எட்டு நொடி எங்கே போய் விழுந்தது தெரியுமா?

ஜினகுமாரின் ஒரே மகள் ஜனனி. சென்னையில் வேலை. அவளுக்கு வைகாசியில் கல்யாணம். ஊருக்கெல்லாம் டிசைன் போட்ட மனுஷன், தன் பெண்ணின் கூரைப் புடவைக்கு முந்தியைத் தானே வரைய ஆசைப்பட்டார். நெய்து கொடுக்கச் சீனிவாசன் என்ற நெசவாளி காத்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வேலையை எல்லாம் முடித்துவிட்டு ஜினகுமார் இதைக் கையில் எடுக்கவே சாயங்காலம் நாலு மணி ஆகிவிடும். முந்தி பெரியது. ஒரு பூ வைத்தால் ஒரு தடவை மேலே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கொடி இழுத்தால் ஒரு தடவை கீழே வர வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. தடவைக்கு எட்டு நொடி. அரைமணி நேரம் அங்கேயே போயிற்று. முந்தி வளர வளர அந்த நேரமும் வளர்ந்தது.

ஐந்தே காலுக்கு வீட்டில் இருந்தவர் ஐந்தரைக்குப் போனார். பிறகு ஐந்தே முக்காலுக்கு. பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்தே போயிற்று. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. வீட்டுக்குக் கிளம்பும் நேரமென்று ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். மாத்திரை உள்ளே போய்விடும், சாப்பாடு போகாது.

வசீமுக்கு அடிக்கடி போன் வரும்.

"வசீமு, ஸ்கிரீன் இன்னாபா இப்படி இழுக்குது? முந்தியை ஒரு தபா கீழ எறக்குனா, அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம் போலக்குது."

"பழைய பொட்டிணா. அப்பிடித்தான் இருக்கும்."

"ம்... வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற இன்னாணா இருக்கப் போவுது."

"சரிபா."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த ஒரு கேள்வி... வேற ஒண்ணும் இல்லியே. வசீம் ஒவ்வொரு தடவையும் நாளைக்கே போய் மாட்டிவிட வேண்டும் என்றுதான் நினைப்பான். வெட்கமாக இருக்கும். என்ன சொல்லிப் பொட்டியைத் திறப்பது என்று யோசிப்பான். அதற்குள் வேறு ஒரு வேலை வந்துவிடும்.

ரம்ஜான் பிறந்தது. ஐந்தாவது நோன்பு. வசீம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. ஜினகுமார். குரல் களைத்திருந்தது. இன்னும் செவிலிமேட்டு அறையிலேயே இருந்தார். அதே பேச்சு. அதே கேள்வி. "வேற ஒண்ணும் இல்லியேபா?" அவன் இல்லை என்று சொன்னான்... சொல்லி வாய் மூடவில்லை, பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒன்று. போனுக்குள் செவிலிமேட்டுப் பக்கமிருந்து இன்னொன்று.

"ஐயோ... பாங்கு சொல்லிட்டாங்களா? சரி போ. இன்னிக்கும் பட்டினிதான். நீ நோன்பு தொறபா, ஆறிடப் போவுது. வெச்சுடறேன்."

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. ஆறே முக்காலுக்குப் பாலாற்றுப் பாலம் ஏறுகிற இடத்தில் பைக்கோடு விழுந்து கிடந்தார். யாரும் இடிக்கவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

ஸ்டேஷன் வேலைகளுக்கு வசீம்தான் ஷரீஃபையும் கூட்டிக்கொண்டு ஓடினான். பைக்கை அங்கே முற்றத்தில் போட்டிருந்தார்கள். ஹேண்டில் வளைந்திருந்தது. செயின் கவர் தனியாகப் பிய்ந்து, அதை யாரோ டேங்க் மேல் எடுத்து வைத்திருந்தார்கள். வசீம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குச் சாயங்காலம் கஞ்சி அவன் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சரியாக இறங்கவில்லை. பாங்குச் சத்தம் கேட்டால் போதும், அந்த 'ஐயோ' காதில் விழும். நான்தான் கொன்றேன், என் கையால் கொன்றேன் என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இருபது நாள் போயிற்று. ஜினகுமாரின் மனைவி திரிசலா போன் செய்தார்.

"வசீமு, ஜனனி முந்தி அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குதாம்பா. சீனிவாசன் கேட்டுக்கினே இருக்காரு. நாளைக்குக் காலைல எங்க அண்ணன் பையன் ஸ்ரேயாசு வரான். கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. பொட்டியத் தொறந்து பாத்து எடுத்துத் தரேன்னான். நீயும் வந்துடுபா. சாவி மீட்டர் பொட்டிக்குள்ளதான் இருக்குது."

பொட்டியைத் திறந்து பார்ப்பான்... அந்த வார்த்தை போதும் வசீமுக்கு. படித்த பையன். இரண்டு சாக்கெட் காலியாக இருப்பதைப் பார்ப்பான். கடைசியாக யார் திறந்தது என்று கேட்பான். ஆக, அவன் அந்த ராத்திரியில் கிளம்பியது நல்ல புத்தியில் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில்தான் கிளம்பினான். இரவுத் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போய், தன் கார்டிலிருந்து அந்த இரண்டு சிப்பையும் கழற்றி, தீப்பெட்டியில் வைத்து, ஸ்கூட்டரை எடுத்தான்.

பதினொன்று நாற்பதுக்கு ரோட்டோரம் நிறுத்திச் சிப்பைத் தொட்டுப் பார்த்தவன் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

அந்த மாடிப் படியில் விளக்கு இல்லை. மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தான். கதவைத் திறந்தான். இருபது நாள் பூட்டிக் கிடந்த அறை. தூசி நாற்றம் வரும், அட்டை வாசனை வரும் என்று நினைத்தான். வந்தது வேறு... நெய்யில் சீரகம் தாளித்த வாசனை. சூடாக. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல.

கீழ் வீட்டில் யாரோ சமைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். நடு ராத்திரியில். கீழ் வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தான்.

விளக்கைப் போட்டான். சிப்பை மாட்டுவதற்கு முன்னால் பொட்டி ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுவிட்சைத் தட்டினான். மின்விசிறி 'உய்ங்' என்று சுற்றியது. மானிட்டர் 'டிக்' என்று விழித்தது. இந்தப் பழைய பொட்டிகளில் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். ஒரு நொடிதான். கார்டின் பெயரும், அதில் எவ்வளவு மெமரி என்பதும். நாலு சிப் இருந்தால் 2048. இரண்டு இருந்தால் 1024. அதை வசீமைப் போல ஒரு ரிப்பேர்க்காரன் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

2048 என்று வந்தது.

வசீம் சட்டைப் பையைத் தொட்டான். தீப்பெட்டி இருந்தது. ஆட்டினான். உள்ளே சிப் இரண்டும் குலுங்கின. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டான். 2048. நெஞ்சில் சூடு ஏறியது. சட்டைத் துணியைத் தாண்டிச் சுட்டது. அணைத்தான். பொட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தான். இரண்டு சாக்கெட்டும் காலி. அவன் எப்படி விட்டுவிட்டுப் போனானோ அப்படியே.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சிப்பை எடுத்து ஒவ்வொன்றாக வைத்து அமுக்கினான். க்ளிக்... க்ளிக். 'அண்ணே, மன்னிச்சுடுணா' என்று வாய் முணுமுணுத்தது. மறுபடியும் ஆன் செய்தான். 2048. இப்போது அது நியாயமான எண். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஜனனியின் முந்தி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். திறந்தான். சரசரவென்று இறங்கியது படம். கொடி, மயில், அன்னம், ஒரு வரிசை தாமரை... எவ்வளவு அழகு! எல்லாம் முடிந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது அவனுக்கு. கீழே, முந்தி முடிகிற ஓரத்தில், ஒரு சின்ன வரிசை. நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகக் கால்கள். முதல் இரண்டு கட்டமும் ஜரிகை நிறத்தில் நிறைந்திருந்தன. அடுத்த இரண்டும் வெறும் கோடு. உள்ளே ஒன்றுமில்லை.

பார்க்கிறவர்கள் பூரான் என்பார்கள். வசீமுக்குத் தெரியாதா? நாலு சாக்கெட். இரண்டில் சிப், இரண்டு காலி.

அந்த ஓரத்தை மட்டும் அவர் தனி ஃபைலாக வைத்திருந்தார். அதன் தேதியைப் பார்த்தான். தை மாதம். அவன் பொட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்ததற்கு மறுநாள்.

இழை இழையாக எண்ணிப் பிழைக்கிற மனுஷன். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் 2048 என்று பார்த்தவர். அன்றைக்கு 1024 என்று வந்ததை அவர் பார்க்காமல் இருப்பாரா? முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அத்தனை தடவை போன் போட்டிருக்கிறார். ஒரு தடவையும் திருடன் என்று சொல்லவில்லை. அவனாகவே சொல்லிவிட ஒவ்வொரு தடவையும் இடம் கொடுத்திருக்கிறார். வேற ஒண்ணும் இல்லியேபா...

வசீம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கர்ர்ர்... என்று ஒரு சத்தம். அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ். பலகையில் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வசீமின் இரண்டு கையும் அவன் மடியில் இருந்தன. திரையில் காலியாக இருந்த மூன்றாவது கட்டம் நிறைந்தது... இரண்டிரண்டு இழையாக, இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல். பிறகு நாலாவது கட்டம்.

மவுஸ் நின்றது. சீரக வாசனை மூக்குக்குப் பக்கத்தில் அடித்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. கதவைப் பூட்டினானா என்றும் தெரியாது. மறுநாள் காலையில் ஸ்ரேயாஸ் போன் செய்தான். பொட்டி அருமையாக ஓடுகிறது, டிசைனை எடுத்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றான். வசீம் தப்பித்துவிட்டான். யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

தப்பித்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் ஷரீஃபிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். ஷரீஃப் கேட்டுவிட்டு, "எங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்ற? அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. இன்னிக்கே போ" என்றான்.

போனான். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினான். மாகறல் போய்ச் சேரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. நல்ல வெயில். திரிசலா சமையலறையில் இருந்தார். ஜனனி சென்னையில், வீட்டில் வேறு யாரும் இல்லை. உள்ளே கால் வைத்ததும் வசீமுக்கு மயிர் கூச்செறிந்தது. நெய்யில் சீரகம் தாளித்த வாசனை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாபா. நோன்பு, உனுக்குத் தண்ணிகூடத் தர முடியாது. உக்காரு" என்றார் திரிசலா. முகத்தில் இருபது நாள் துக்கம் தெரியவில்லை. தரையைத் துடைத்தார். இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

வசீம் கீழே உட்கார்ந்தான்.

"அண்ணி... ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவருதான் சொன்னாரு. வசீமு ஒரு நாளு வருவான், ஒண்ணு சொல்லணும்னு நிப்பான், அவனாச் சொல்ற வரைக்கும் நீயா ஒண்ணும் கேக்காதன்னாரு. அதான் கேக்கல."

வசீமுக்கு அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பவே சொன்னாரா அண்ணி? தை மாசத்துலயா?"

"தை மாசமா? இல்லியேபா." திரிசலா ரசத்தை இறக்கிவைத்தார். "நேத்துதான். சாப்பிட்டுக்கினே சொன்னாரு."

பாவம், துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று வசீம் நினைத்தான். அப்படித்தானே நீங்களும் நினைக்கிறீர்கள்? ஆனால் திரிசலா நிதானமாகத்தான் பேசினார்.

"இருபது நாளா வந்துக்கினுதான் இருந்தாருபா. ஆனா பொழுது சாஞ்சப்புறம்தான் வருவாரு. வாசல்லயே நிப்பாரு. சோறு போடட்டுமான்னா வேணாம்னு தலையாட்டுவாரு. உள்ளயே வரமாட்டாரு. எனுக்கு வயிறு எரியும். நேத்துதான் நேரத்தோட வந்தாரு. வயிறார சாப்பிட்டாரு."

சமையலறை மூலையில் நேற்றுச் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் இன்னொன்று. வசீம் சுவரைப் பார்த்தான். கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு. வெயில் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது.

தெரு முனையில் ஒரு சத்தம்.

கிளக்... கிளக்... கிளக்...

அந்தப் பைக் ஸ்டேஷன் முற்றத்தில் கிடக்கிறது. செயின் கவர் டேங்க் மேல் தனியாக இருக்கிறது. இரண்டையும் அவன் தன் கண்ணால் பார்த்தவன்.

கிளக்... கிளக்... வாசலில் நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். ஒன்று... இன்னொன்று.

திரிசலா சொம்பில் தண்ணீர் மொண்டு தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "வந்துட்டாரு. எங்கிட்ட எதுக்குபா, அவர்கிட்டயே சொல்லிடு" என்றார்.

வசீம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. சுட்டது.